கடைசி அத்தியாயம் உறைக்குள் இருந்தது

“உட்காருங்க, வள்ளி” என்றார் மிசே முருகேசன். நான் உட்காரவில்லை. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முழங்கால் மடங்க மறுத்தது.

கியூர்பிப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. மேசைமேல் ஒரு தட்டு காத்தோ பிமா ஆறிக் கிடந்தது. எங்கள் தீவில் பருப்பு வடைக்கு அதுதான் பெயர்; அளவில் கொஞ்சம் சிறிசு, காரத்தில் பெரிசு. அறையிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பேசிவைத்திருந்த ரத்தினத்தின் அம்மாவைத் தவிர. அந்த அம்மாள் தன் மடியிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அப்பாவின் மானத்தை ஒரு நாவலின்மேல் பந்தயமாகக் கட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அதுவும் கடைசி அத்தியாயத்தை இன்னும் படிக்காத நாவல். என்ன துணிச்சல் பாருங்கள்.

தேவாரம் பாடி, கொலை பேசி

ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்குச் சுதந்திரம் வர இன்னும் பல வருடம் இருந்தது. நான் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியை. என் வீடு கீழே பிளேன் மாக்னியன் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவில். வேலைக்காக மேட்டு ஊரான கியூர்பிப்பில், அப்பாவின் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தைக்குத் துணிக்கடை. துணிக்கு அடுத்தபடியாக அவருக்குத் தெரிந்தது கௌரவம்.

அத்தைதான் என்னை வாசகர் சபையில் சேர்த்துவிட்டார். புத்தகம் படிப்பதற்காக அல்ல. “அங்கதான் நல்ல உத்தியோகத்துப் பசங்க வராங்க” என்றார்.

சபை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி மிசே முருகேசனின் முன்னறைதான் சபை. மிசே என்பது எங்கள் ஊரில் ‘ஐயா’. அரசாங்க குமாஸ்தாக்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், எல்லோரும் தமிழர்கள். ஆனால் தமிழில் பேச வராது. முதலில் நின்றுகொண்டு தேவாரம் பாடுவோம். அர்த்தம் யாருக்கும் முழுசாகத் தெரியாது; ராகம் மட்டும் பிசகாது. பாடி முடித்து விபூதி இட்டுக்கொண்டு, பிரெஞ்சில் கொலை, கொள்ளை, விஷம் என்று ஆரம்பித்துவிடுவோம். வீட்டுக்குத் திரும்பும்போது தீவின் பேச்சுமொழியான கிரியோல். நான் தமிழை முறையாகப் படித்ததெல்லாம் இதற்குப் பிறகுதான். அவர்கள் பேசியதை இங்கே என் தமிழில் தருகிறேன்.

சபைக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். ஆனால் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், முறை வைத்துப் படிக்க வேண்டும். ஒரு முறை மருந்துக்கடைக்காரர், இன்னும் படிக்காத ஒருவரிடம் பேருந்தில் வைத்தே கொலைகாரன் பெயரைச் சொல்லிவிட்டார். இருவரும் ஒரு தீபாவளி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மிசே முருகேசன் ஒரு ஏற்பாடு செய்தார். புது நாவல் வந்ததும் அவர் மனைவி ஊசியால் தையலைப் பிரித்து, கடைசி அத்தியாயத்தைத் தனியே எடுத்துவிடுவார். அது உறைக்குள் போய் அரக்கு முத்திரையோடு அலமாரியில் இருக்கும். மீதிப் புத்தகம் வீடு வீடாகச் சுற்றும். எல்லோரும் படித்து முடித்த ஞாயிறு, ஒவ்வொருவராக எழுந்து கொன்றவர் யார் என்று சொல்ல வேண்டும். ஆதாரமும் சொல்ல வேண்டும்; ஆதாரம் இல்லாத பெயரை மிசே முருகேசன் ஏற்க மாட்டார். அப்புறம் உறையைப் பிரித்து அவர் வாசிப்பார். சரியாகச் சொன்னவருக்கு அடுத்த நாவலில் முதல் முறை.

எங்கள் சபையின் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் கடைசியில் வேறு நிற நூலில் ஒரு தையல் இருக்கும்.

உறைந்த ஆற்றங்கரைக் கோட்டை

அந்த முறை வந்தது ஒரு சரித்திர நாவல். பெயரும் எழுதியவரும் இப்போது வேண்டாம். வடதுருவத்துக்குப் பக்கத்தில், பனி மூடிய காட்டுக்குள், ஆற்றங்கரையில் ஒரு மரக்கோட்டை. இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை. விலங்குத் தோல் வாங்கி விற்கும் கம்பெனியின் கோட்டை அது. ஆறு உறைந்துவிட்டால் வசந்தம் வரும்வரை யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில் கம்பெனி குமாஸ்தா ஆற்றுப் பனிக்கட்டியின்மேல் கோடரி வெட்டோடு செத்துக் கிடக்கிறான்.

கோட்டையில் இருந்தவர்கள் சிலர்தான். கொம்மாந்தான் என்கிற தலைவன், அவன் மனைவி, ஒரு பாதிரியார், ஒரு வியாபாரி. அப்புறம் பியேர். பியேர் மரம் வெட்டுகிறவன், சறுக்குவண்டி இழுக்கிறவன். கம்பெனியோடு இத்தனை வருடம் என்று கைநாட்டுப் போட்டு, கப்பலேறி வந்தவன். புத்தகத்தில் அவனுக்கு ‘ஆங்கஜே’ என்று போட்டிருந்தது. ஒப்பந்தக் கூலி.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தாத்தாக்களுக்கும் தீவின் காகிதங்களில் அதே பெயர்தான். அவர்களும் கைநாட்டுப் போட்டுக் கப்பலேறியவர்கள்தான். இவன் பனியில் மரம் வெட்டினான், அவர்கள் வெயிலில் கரும்பு வெட்டினார்கள்.

அன்றிலிருந்து பியேர் எனக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான். வெள்ளைக்காரனாக இருந்தால் என்ன? கோட்டையில் எல்லோருடைய சந்தேகமும் அவன்மேல்தான்; இரவுச் சாப்பாட்டின்போதுகூட அவனைப் பற்றிக் கவலைப்பட்டேன். “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்று அத்தை கேட்டார். கைதாகப்போகிறவன் ஒருவனுக்காக என்று எப்படிச் சொல்வது?

அத்தை கொடுத்த பதவி உயர்வு

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா கரும்பு வெட்டுகிறவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டங்களில் கூலிக் கலவரம் நடந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் தோட்டத்து வயல் ஒன்று எரிந்தது. நெருப்பு வைத்தது அப்பாதான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் சிறை. அன்று அவர் வீட்டை விட்டு நகரவே இல்லை என்று அம்மா திரௌபதி அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். யாரும் கேட்கவில்லை. அம்மா சாகும்வரை அதையே சொன்னார். நான் அதைக் கேட்டே வளர்ந்தேன்.

சிறைக்குப் போன வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் பென்சிலைக் கடன் வாங்க மாட்டார்கள். வாங்கினால் தொலைந்துபோன பென்சிலுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. அவமானம் என்பது எனக்குச் சாப்பாட்டு உப்பு மாதிரி, தினமும் கொஞ்சம்.

கியூர்பிப்பில் யாருக்கும் இது தெரியாது. அத்தை அப்பாவை சர்தார் ஆக்கிவிட்டிருந்தார். சர்தார் என்றால் கூலிகளை மேய்க்கிற கங்காணி. “அண்ணன் தோட்டத்துல சர்தார்” என்று ரத்தினத்தின் அம்மாவிடம் அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், வனிலா தேநீரை ஊதிக்கொண்டு. ரத்தினம் வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், மெலிந்த கழுத்து, நல்ல குரல். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு.

அந்த ஞாயிறு தன் பிள்ளைக்குப் பார்த்திருக்கும் பெண் சபையில் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க, ரத்தினத்தின் அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆளுக்கொரு ஆதாரம்

முதலில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். “பியேர். கோடரி அவனோடது.”

அடுத்தவர்: “பியேர். குடிகாரன்.”

ஒரு ஆசிரியர் கொஞ்சம் நீட்டிப் பேசினார். “நாற்பதாம் பக்கம் பாருங்க. கொம்மாந்தான் கேள்வி கேக்கறப்ப பியேர் அவர் கண்ணைப் பார்க்கறதே இல்ல. தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்றான். குத்தமுள்ள நெஞ்சு.”

என் காது சூடாகிவிட்டது. அப்பாவின் வழக்கில் தோட்டத்து மேற்பார்வையாளர் சொன்ன சாட்சி அதேதான். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான், ஆகவே அவன்தான். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். எசமானின் கண்ணைப் பார்த்தால் திமிர் என்று கூலியை வெட்டுவார்கள், பார்க்காவிட்டால் குற்றவாளி. பாவி மனுஷன் எங்கேதான் பார்ப்பான்?

கொம்மாந்தான்கூட அந்த குமாஸ்தாவைச் சாட்டையால் அடிக்கக் கை ஓங்கியிருந்தான், அதுவும் புத்தகத்தில் இருந்தது. நான் அதைக் கேட்டதற்கு “அது வீரனோட கோபம்” என்றார் ஒருவர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

ரத்தினம் எழுந்தார். சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். “நானும் பியேர்னுதான் சொல்றேன். அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பேசத் தெரியாது. கோடரிதான் தெரியும்.”

அவர் அம்மா பெருமையோடு தலையசைத்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். அத்தனை பேரின் தாத்தாக்களும் கைநாட்டுப் போட்டு வந்தவர்கள்!

என் முறை வந்தது. கொம்மாந்தான் மனைவி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்கும் ஒரு கையுறை ஆதாரம் இருந்தது. அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“பியேர் கொல்லல” என்றேன்.

“ஆதாரம்?” என்றார் மிசே முருகேசன்.

“அந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும். எங்கப்பா சர்தார் இல்ல. கரும்பு வெட்டறவர். கண்ணைப் பார்க்கலேங்கிற ஒரே சாட்சிய வச்சு அவரை உள்ள தள்ளினாங்க. வைக்காத நெருப்புக்கு ஜெயிலுக்குப் போனார். எங்கப்பா அன்னைக்கு வைக்கல. இங்க பியேர் கொல்லல. எப்பவும் பழி சுமக்கறது ஆங்கஜேதான். நம்ம தாத்தாங்களை மறந்துட்டு நீங்க எல்லாரும் மேற்பார்வையாளர் மாதிரிப் பேசறீங்க.”

என் குரல் கீச்சென்று போயிருந்தது. பிரெஞ்சில் ஆரம்பித்ததை கிரியோலில் முடித்தேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் மிசே முருகேசன் என்னை உட்காரச் சொன்னார்.

உறை

அரக்கை உடைத்து அவர் வாசிக்க ஆரம்பித்தார். நல்லவர், அன்று மட்டும் நடிப்பு இல்லாமல், அறிவிப்பு வாசிப்பதுபோல வாசித்தார். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கொம்மாந்தான் பிடிபடுவதற்காகக் காத்திருந்தேன். பாதிரியார் என்றாலும் பரவாயில்லை. மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். பிரெஞ்சு நாவலுக்கெல்லாம் முருகன் வருவாரா?

இரண்டாவது பக்கத்தில் பியேர் பாதிரியாரின் முன்னால் மண்டியிட்டான். மூன்றாவது பக்கத்தில் ஒப்புக்கொண்டான். ஆமாம், நான்தான் கொன்றேன் என்றான்.

மிசே முருகேசன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். அதற்கு மேல் வந்தது எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. பனியில் ஒரு தூக்குமரம் வந்தது மட்டும் ஞாபகம்.

அப்பாவை இரண்டாவது முறையாகக் கோர்ட்டில் நிறுத்தி, நானே வழக்காடி, நானே தோற்றதுபோல இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வென்றுவிட்டார்கள், யாருக்கும் சந்தோஷமில்லை. “அடுத்த புத்தகத்துக்கு முதல் முறை...” என்று ஆரம்பித்த மிசே முருகேசன், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று முடித்துக்கொண்டார். அவர் மனைவி வடைத் தட்டை முதலில் என்னிடம்தான் நீட்டினார். அந்தப் பரிவு பியேரின் கோடரியைவிட ஆழமாக இறங்கியது.

ரத்தினத்தின் அம்மா மழை விடும்வரை காத்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அத்தையின் கடைக்கு வந்து, “பொண்ணுக்கு இன்னும் வயசிருக்கே, மெதுவா பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, துணி எதுவும் வாங்காமல் போனார். அத்தை என்னைத் திட்டவில்லை. பதிலாகக் கடையிலிருந்த துணிச்சுருள் அத்தனையையும் இறக்கி, திரும்ப அடுக்கினார்.

மாயெபூர் ஐஸ்

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். கியூர்பிப்பில் ஏறும்போது கம்பளிச் சட்டை வேண்டும். பேருந்து கீழே இறங்க இறங்க அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளேன் மாக்னியனில் இறங்கும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அமையவில்லை.

அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு நின்றதை அத்தை யார் மூலமோ சொல்லி அனுப்பிவிட்டிருந்தார். “என்ன நடந்துச்சு, மோ ஃபி?” என்றார். ‘என் மகளே’ என்பதை அவர் எப்போதும் கிரியோலில்தான் சொல்வார்.

கதையிலிருந்தே ஆரம்பித்தேன். உறைந்த ஆறு என்றதும் அவர் என்னை நிறுத்தினார். “ஆறு பூராவுமா? மாயெபூர் மீன் சந்தையில மரத்தூள் போட்டு வைப்பாங்களே, அந்த ஐஸா?”

“அதேதான். ஊர் முழுக்க.”

“அதுமேல நடந்து போயி மரம் வெட்டணுமா?” நாக்கைச் சப்புக்கொட்டினார். “பாவம்யா அவன்.”

பியேர்தான் கொன்றான் என்று சொன்னேன். ஏன் கொன்றான் என்று கேட்டார். அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைச் சபையில் யாருமே கேட்டிருக்கவில்லை. காரணம் கடைசி அத்தியாயத்தில்தான் வந்தது. அன்று அது என் காதில் விழவில்லை. மிசே முருகேசனின் மனைவி தைக்கும் முன்னால் அந்தத் தாள்களை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பேருந்தில் வரும்போதுதான் படித்திருந்தேன்.

“அவனோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. ஊருக்குப் போக விடல. காய்ச்சல்ல படுத்த நாளுக்கெல்லாம் குமாஸ்தா ரெண்டு மடங்கு சேர்த்து எழுதி, இன்னும் ரெண்டு குளிர்காலம் பாக்கின்னுட்டான்.”

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். எங்கள் தோட்டங்களிலும் அதுதானே வழக்கம். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டுவார்கள். “சரி, நீ சபையில என்ன சொன்ன?”

முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னேன். “எங்கப்பா நெருப்பு வைக்கலன்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும். அப்புறம் புத்தகம் வேற மாதிரி ஆயிடுச்சு. உங்க மானத்தை வாங்கிட்டேன்பா.”

அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வச்சேனே” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“நான்தான் வச்சேன். அந்த வருசம் கூலியக் கொறச்சாங்க. கேக்கப் போனோம், சுட்டாங்க. எம்பக்கத்துல நின்னவன் அப்படியே விழுந்தான். அவன் உடம்பு ஆறும் முன்னாடி எங்களத் திரும்ப வயலுக்குள்ள எறக்கிட்டாங்க. நான் போயி நெருப்பு வச்சேன். ஆளுங்க யாரும் உள்ள இல்லன்னு பார்த்துட்டுத்தான் வச்சேன்.”

“அம்மா சத்தியம் பண்ணினாங்களே!”

“எனக்காகப் பண்ணினா. சாமி முன்னாடி பண்ணிட்டா. அவ உசுரோட இருக்கறப்ப அதப் பொய்யாக்க எனக்கு வாய் வரல.”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பென்சில் கடன் கேட்காத பிள்ளைகள், சர்தார், குடை எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தது. இத்தனை வருடம் செய்யாத குற்றத்துக்காக என்று நினைத்துத்தானே தாங்கினேன்? இப்போது வெட்கப்படுவதற்கு உண்மையாகவே ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று அழுதேன். சொல்லவே கூசுகிறது, அப்போது எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அப்பா என்னைத் தேற்றவில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“பொறந்ததுலேர்ந்து அவங்க சொன்னதத்தான் செஞ்சேன். வெட்டுன்னா வெட்டினேன், நில்லுன்னா நின்னேன். நானா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் நான் செய்யலன்னு சபையில சொல்லிட்டு வந்திருக்க.”

ஒரு திருத்தம்

அடுத்த ஞாயிறு நான் சபைக்குப் போவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். கடைசி அத்தியாயத்துத் தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன்.

தேவாரம் முடிந்தது. விபூதித் தட்டு சுற்றி வந்தது. ரத்தினம் மூலையில் இருந்தார், அம்மா இல்லாமல், தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டு. நான் எழுந்து நின்றேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“போன வாரம் நான் சொன்னதுல ஒரு திருத்தம் இருக்கு” என்றேன். “எங்கப்பா நெருப்பு வைக்கலன்னு சொன்னேன். அது தப்பு. அவர்தான் வச்சார்.”

மிசே முருகேசனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது மனிதனுக்குப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

“ஆதாரம்?” என்றார்.

“அவரே சொன்னார்” என்றேன். “என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.”